பரணுக்கு முதுகைக் காட்டி

போட்ட புழுக்கள் போட்ட இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தன.

அனுசுயா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையடிவாரத்து லாட்ஜில் காலையிலிருந்து படுக்கை விரிப்புகளை உருவி உருவி மாற்றியதில் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தன. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிறங்கி வருகிறவர்கள் அப்படியே தலையணையில் சாய்ந்துவிடுவார்கள். அந்த மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வீட்டுக்கு வந்தால் மூன்று தவளைகள். மகள் அபி வேலூர் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போனவை. பள்ளித்தோழி ஒருத்தி சென்னையில் வாங்கி, வளர்க்க முடியாமல் அபியிடம் தள்ளிவிட்ட வெளிநாட்டு மரத்தவளைகள்; கொழுத்து, உள்ளங்கை நிறைய உட்காரும், இளம் வெற்றிலை நிறத்தவை. அனுசுயாவுக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் மகள் ஒப்படைத்தது. கணவன் நாகேந்திரன் லாரியை எடுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டால், வீட்டில் மூச்சு விடுகிறவை அவளும் அவையும்தான்.

கண்ணாடித் தொட்டி வீட்டின் பின்னறையில், அபியின் அறையில், ஜன்னலோரம் மேஜைமேல் இருந்தது. அறைக்குள் நுழைகிறவர்களுக்கு எதிரே தொட்டி. தலைக்குப் பின்னால், கதவு நிலைக்கு மேலே, பழைய பாத்திரங்கள் அடைத்த பரண். வழக்கமாக விளக்கைப் போட்டதும் தவளைகள் கண்ணாடியில் ஏறி, பருத்த விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்துக்கொண்டு அவள் கையைப் பார்க்கும். அன்று மூன்றும் ஜன்னல் பக்கத்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தன. பச்சை போய், நனைந்த மண்சுவர்போலக் கறுத்திருந்தன. மழைக்காலம், குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் புழு தீரவில்லை. அபிக்குப் போன் போட்டாள். அபி பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தோல் துண்டு துண்டாக உரிந்து தொங்குகிறதா, வயிற்றிலும் தொடையிலும் சிவப்பு ஏறியிருக்கிறதா, கண்ணில் பால் படிந்ததுபோல் இருக்கிறதா, உடம்பு உப்பியிருக்கிறதா, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறதா. அனுசுயா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தாள். எதுவும் இல்லை.

"வெறுங்கையால தொடாதம்மா. உன் கையில சோப்பு இருக்கும், அதுங்க தோலு குடிச்சிக்கும். கையுறை போட்டு, தண்ணில நனைச்சிட்டுத் தூக்கு. ரொம்ப டல்லா இருக்கறத மட்டும் தனி டப்பால ஈரத்துணி போட்டு வை. கொழாத்தண்ணி வேணாம், புடிச்சி வெச்ச தண்ணி ஊத்து."

"ஆங், சரி," என்றாள் அனுசுயா.

இருப்பதிலேயே சோர்ந்ததைத் தூக்கி டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, சமையலறையில் வைத்தாள். காலையில் அது பச்சையாகிவிட்டிருந்தது. இடுக்கியில் நீட்டிய புழுவை ஒரே கவ்வாகக் கவ்வி, கண்ணை உள்ளே இழுத்து விழுங்கியது. அப்படியானால் தொட்டியில்தான் கோளாறு என்று, லீவு நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தாள். கூழாங்கல்லை வெந்நீரில் அலசி, கண்ணாடியைத் தேய்த்து, செடியை மாற்றி, மூன்றையும் மறுபடி உள்ளே விட்டாள். பச்சைத் தவளை அவள் கண்ணெதிரே கறுத்தது. மெல்ல நடந்து மூலைக்குப் போய், மற்ற இரண்டின்மேல் தன்னை அப்பிக்கொண்டது. அப்போதுதான் அவள் கவனித்தாள்: மூன்றும் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. மூன்றின் முகமும் ஜன்னலுக்கு, முதுகு அறைக்கு. தொண்டைக்கடியில் ஓயாமல் துடிக்கும் அந்த மெல்லிய தோல்கூடத் துடிக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. அறையைப் பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு போனவள், நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வந்தபோது வெயில் இருந்தது. தரையில் ஒரு மூலைகூடப் பெருக்கப்படவில்லை. துடைப்பத்தைப் பிடித்த கை மரத்துப்போயிருந்தது. கண் இரண்டும் மண் விழுந்ததுபோல் எரிந்தன. சமையலறையில் வைத்த பால் சுண்டிக் கருகி வீடெல்லாம் நாறியது. நின்றபடியே தூங்கியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். உடம்பு அவ்வளவு ஓய்ந்துபோய்விட்டது. வேறென்ன.

அரக்கோணத்தில் விஜயன் என்று ஒரு கால்நடை மருத்துவர் நாய், ஆடு, பறவை எல்லாம் பார்ப்பார் என்று லாட்ஜில் சொன்னார்கள். ஈரத்துணி விரித்த டப்பாக்களைப் பைக்குள் வைத்து மின்சார ரயிலேறினாள். மருத்துவர் தவளைக்கு இதுவரை வைத்தியம் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் மல்லாக்கப் புரட்டினார். நோயுள்ளது திரும்ப முடியாமல் கிடக்குமாம். மூன்றும் பட்டென்று புரண்டுகொண்டன. ஒன்று மேஜையிலிருந்து அவர் தோளுக்கே தாவியது. அந்த வெளிச்சத்தில் மூன்றும் இளம் வெற்றிலைபோல் பளபளத்தன. அனுசுயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நோவு எதுவும் தெரியலீங்க. வாயாலயும் கேக்க முடியல அதுங்கள," என்று சிரித்தார். பிறகு சற்று யோசித்துக் கேட்டார். "வூட்ல பாம்பு கீம்பு நடமாட்டம் உண்டா? பாம்பு கண்ணு தம்மேல இருக்குதுன்னு தெரிஞ்சா தவளை அப்படியே ஒட்டிக்கும். நிறம் மாத்திக்கும். மூச்சுகூட வுடாது. தான் இல்லாத மாதிரி இருக்கும்."

பாம்பு என்றதும் ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. பாம்பென்றால் பிடித்துவிடலாம். லாட்ஜ் வாட்ச்மேன் கங்காதரன் தடியும் டார்ச்சுமாக வந்தார். கட்டிலுக்கடியில் தட்டினார், ஜன்னலிடுக்கில் பார்த்தார், கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணுக்குள் தலையை நுழைத்தார். அனுசுயா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைமேல் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அவர் கால் அசையவில்லை.

"அண்ணா," என்றாள். "அண்ணா, இன்னா இருக்குது?"

அவர் லுங்கியைப் பிடித்து இழுத்த பிறகுதான் இறங்கினார். முகம் பூசணம் பிடித்த சுவர்போல் இருந்தது. ஒன்றுமில்லை, பாத்திரம்தான் என்றார். டீ போட்டு வைத்திருப்பதாகச் சொல்லியும் நிற்கவில்லை. மறுநாள் லாட்ஜில் அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எதிரே போய் நின்ற பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரூம பூட்டி வெச்சிடும்மா. உள்ள போவாத."

பூட்டினாள். தவளைகள் டப்பாவோடு சமையலறைக்கு வந்தன. தின்றன, தாவின, நள்ளிரவில் கொரகொரத்து அவள் தூக்கத்தைக் கெடுத்தன. அபி கேட்டபோது தேறிவிட்டன என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. எதைச் சொல்வது? பரணில் பாத்திரம் இருக்கிறது என்றா? சொன்னால் ஏன், எதற்கு என்று நூறு கேள்வி வரும். பதில் சொல்ல அவளிடம் சக்தி கிடையாது. வீட்டில் ஓர் அறையைப் பயன்படுத்தாமல் விட்டால் குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டாள். அந்தக் கதவைக் கடக்கும்போது மட்டும் நடை தானாகவே வேகமானது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வந்ததில்லை. எலி உருட்டும் சத்தம்கூட. எல்லா வீட்டுப் பரணிலும் எலி இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் லாட்ஜில் கூட்டம் நெரிந்தது. அபி மதியமே வீட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் செய்தாள். சாவிக்கொத்து எங்கிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பின்னறைப் பக்கம் போகாதே என்று சொல்ல அனுசுயா வாயெடுத்தாள். அதற்குள் மேனேஜர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

அவள் வீடு திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் வெடிமருந்துப் புகையும் எண்ணெய்ப் பலகார வாசனையும் ஈரத்தில் தங்கி நின்றன. செருப்பைக் கழற்றும்போதே கேட்டது. தவளைகள். மூன்றும் சேர்ந்து, ஒன்றின் குரல் முடியுமுன் மற்றது தொடங்கி, அடைமழைக் குளத்தில் கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தன. இவ்வளவு உற்சாகமாக அவை கத்தி அவள் கேட்டதே இல்லை. மனசு லேசானது. பிள்ளை வந்ததும் அதுகளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

சமையலறையில் டப்பாக்கள் காலியாக இருந்தன.

சத்தம் பின்னறையிலிருந்து வந்தது.

கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. எதிரே மேஜைமேல் தொட்டி. கண்ணாடியில் தவளைகள் மூன்றும் பச்சைப் பசேலென்று ஒட்டிக்கொண்டு, தொண்டையை ஊதி ஊதி, அறைக்குள் பார்த்துக் கத்தின. பயமே இல்லாமல். எந்தக் கண்ணும் தங்கள்மேல் இல்லாததுபோல்.

மேஜைக்குப் பக்கத்தில், ஜன்னல் சுவரோடு சுவராக அபி.

முதலில் சுவரில் ஈரம் படிந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். மகள் தரையில் குந்தி, முழங்காலை மடக்கி, கன்னத்தையும் உள்ளங்கைகளையும் சுவரில் அப்பிக்கொண்டிருந்தாள். முதுகு அறைக்கு. மாநிறமான பெண்ணின் கழுத்து நனைந்த மண்ணாகக் கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. விழியில் நீர் வற்றி, தூசு படிந்திருந்தது. மூச்சில்லை. இல்லை, இருந்தது. எப்போதோ ஒன்று.

அனுசுயா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விரல் நுனிகள் சுண்ணாம்பில் ஒட்டியிருந்தன. உரித்தால் தோல் வந்துவிடும். தலைக்குப் பின்னால், நிலைக்கு மேலே, எதுவும் அசையவில்லை. எதுவும் மூச்சு விடவில்லை. ஆனால் அவள் பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அவள் யோசிக்கவில்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் அகல விரித்து, தன் முதுகால் மகளை மறைத்தாள். முழுக்க. கால் விரல்கூட வெளியே தெரியாமல்.

குளிர் வந்தது. தோள்பட்டை வலி நின்றது. இடுப்பு வலி நின்றது. பல வருஷமாக இருந்த வலி. இனி எழுந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுபோல் உடம்பு கனத்து இறங்கியது. அவளுக்கு முன்னால் அபியின் கழுத்தில் நிறம் திரும்பியது. முதுகு விம்மியது. இமை மூடித் திறந்தது. அபி இருமினாள், தடுமாறி எழுந்தாள், சுவரைப் பிடித்துப் பிடித்து விலகி நகர்ந்தாள். அவள் காலடிச் சத்தம் கதவு வரை போனது.

போ. வெளியே போ.

சொல்ல நாக்கு அசையவில்லை. அபி விலகிய இடத்தில் அனுசுயாவின் கன்னம் சுவரில் ஒட்டியிருந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கண் எரிந்தது. மூட முடியவில்லை.

"அம்மா?" அபியின் குரல் வாசலில் நின்றது. "இன்னாம்மா ஆச்சு? ஏம்மா இப்படி உக்காந்துகினு இருக்கற?"

காலடி திரும்பி வந்தது. வேண்டாம். ஒன்று. இன்னொன்று. பரணுக்குக் கீழே. அதைத் தாண்டி. வேண்டாம்டி. மகளின் முழங்கால்கள் அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் பதிந்தன. இரண்டு கைகள் பின்னாலிருந்து அவள் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டன. வெதுவெதுப்பான கைகள். மகளின் மார்பு முதுகை மூடியது. முழுக்க.

அனுசுயாவின் இமை தானாக மூடித் திறந்தது.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் குளிர ஆரம்பித்தன. விரல் நுனிகள் ஒவ்வொன்றாக அவள் தோலில் ஒட்டிக்கொண்டன.