பார்வையாளர் நேரம்

"மேடம்... அந்தப் பையைக் கொஞ்சம் திறங்க."

மழையில் பாதி நனைந்து, உடைந்த குடையோடு வாசலில் நின்றவளுக்கு அந்தக் குரல் எரிச்சலூட்டியது. பையை மேஜைமேல் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். துண்டும் பிஸ்கட்டும் ஒரு பக்கம் போயின. இருமல் மருந்தும் சென்ட் பாட்டிலும் இன்னொரு பக்கம்.

"இது ரெண்டும் உள்ள போகாது."

"சென்ட் எங்க அண்ணனுக்கு இல்ல சார். என்னோடது!"

"யாரோடதா இருந்தாலும் சரி. போறப்ப வாங்கிக்குங்க."

"ஏன், சென்ட்டைக் கூடவா குடிப்பாங்க?"

"நான் குடிச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது... அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

தேன் நிறக் கண்கள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. இருந்தும் ஒரு ஜோடிக் கண்ணைப் பார்த்து வார்த்தை தடுமாறியது அன்றுதான்.

"நீங்க... இங்க வேலை பாக்கறவர் இல்லையா?"

"இப்போதைக்கு வாசல் என் பொறுப்பு. மத்தபடி நானும் உங்க அண்ணன் மாதிரிதான். கொஞ்சம் சீனியர்."

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்கிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் அது. ஞாயிறு பிற்பகல் மட்டும் உறவினர் வரலாம். அண்ணனை அங்கே சேர்த்தவள் அவள்தான். மாத்திரையும் குடியுமாக அவருக்கு வேலை போய், அண்ணியும் பிறந்த வீட்டுக்குப் போன பிறகு வேறு வழி தெரியவில்லை. தன்னை இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டாள் என்று அண்ணனுக்குக் கோபம். அன்று அவளைப் பார்க்க அவர் வரவே இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

காலி நாற்காலிகளுக்கு நடுவில் தனியே உட்கார்ந்திருந்தவள் முன்னால் ஒரு டீ கிளாஸ் வந்தது. நிமிர்ந்தாள். அவன்தான்.

"இதையும் சோதிச்சாச்சா?"

"ஆச்சு. சர்க்கரை மட்டும்தான் சிக்குச்சு. விட்டுட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

"இங்க எல்லாரும் என்னை லிஃப்ட்னுதான் கூப்பிடுவாங்க. வெளியில லிஃப்ட் மெக்கானிக்."

"அப்ப மேல மேல போயிருப்பீங்களே!"

"கீழ போனதுதான் ஜாஸ்தி..." என்றான். சொல்லிவிட்டு கிளாஸ்களைத் துடைக்கப் போய்விட்டான்.

பிறகு அண்ணன் மனம் இளகி வரத் தொடங்கினார். ஆனாலும் அவள் வாசலைக் கடக்கும் நேரம் வாராவாரம் நீண்டுகொண்டே போனது. பையைச் சோதிக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்ன? அவள் இப்போதெல்லாம் சென்ட் போடுவதில்லை. ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அண்ணன் கேட்டார்.

"வாலு... வாசல்ல என்ன அவ்வளவு பேச்சு?"

"சும்மாதாண்ணா..."

"உன் அண்ணி என்ன பாடு பட்டாள்னு பக்கத்துல இருந்து பாத்தவ நீ. நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. அவனை நம்பி நீ இறங்கப் போறியா?"

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் வேறு யாரோ நின்றிருந்தார். அண்ணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் எதுவும் சொல்லலை. அவனே கவுன்சிலர்கிட்ட போயிருக்கான். மனசு வேற பக்கம் போகுது, சமையல்கட்டுக்கு மாத்திடுங்கன்னு."

சரியான காரியம்தான். ஆனாலும் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானா போய் அவன் முன்னால் நிற்பேன்? சமையல்கட்டில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேண்டுமென்றே அண்ணனிடம் உரக்கப் பேசினாள். அவன் எப்போது சிகிச்சை முடிந்து போனான் என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அண்ணன் வீடு திரும்பினார். ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அண்ணி போனில் பேச ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது.

ஒரு மாலை, கடையில் கூட்டமில்லை. "கண் டெஸ்ட் பண்ணணும்..." என்று ஒரு குரல்.

தலை நிமிராமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காருங்க," என்றாள் விறைப்பாக. "தாடையை இங்க வைங்க. நேரா பாருங்க."

கருவிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், அதே தேன் நிறம். முன்பிருந்த மஞ்சள் கலக்கம் வெள்ளை விழியில் இல்லை. பார்வை மட்டும் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

"அசையாதீங்க!"

"நீங்க இவ்வளவு கிட்ட இருந்தா எப்படி..."

அவள் கன்னம் சுட்டது. நல்லவேளை, அறையில் வெளிச்சம் குறைவு.

"வெளிய வந்து ஒரு வருஷம் ஒழுங்கா இருந்துட்டு உங்களைப் பாக்கணும்னு இருந்தேன்," என்றான் மெதுவாக. "நடுவுல ஒருநாள் குடிச்சிட்டேன். அந்த இல்லத்துக்கே திரும்பப் போய், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன். அதான்... லேட்டு."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? மறைச்சிருக்கலாமே."

"மறைச்சு மறைச்சுதான் அங்க போய்ச் சேர்ந்தேன்." நிறுத்தினான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். நீங்க பதில் சொல்ல வேணாம். சொல்லிட்டுப் போகலாம்னுதான்..."

அவள் கருவியை அணைத்தாள். அண்ணியின் அழுத முகம் ஞாபகம் வந்தது. பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அதோடு கூடவே, இந்த ஆள் எழுந்து வெளியே போய்விடுவானோ என்ற இன்னொரு பயமும் இருந்தது... அது பெரிதாக இருந்தது.

"கல்லுளிமங்கன்! சொல்லாம ஓடிப் போறது... அப்புறம் வந்து, பதில் வேணாமாம்." குரல் உடைந்தது. "எனக்கும் பிடிச்சிருக்கு. போதுமா? எங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன்."

அவன் கருவியிலிருந்து தாடையை எடுத்து நிமிர்ந்தான்.

"ஆனா ஒண்ணு. குடிச்சிட்டு வந்து நின்னீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன். அழுதாலும் திறக்க மாட்டேன்."

"திறக்காதீங்க," என்றான் அவன்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.