எழுதியவர்: தனுஷன்

விரலில் அந்தக் காயம் எப்போது பட்டதென்று தனுஷனுக்குத் தெரியவில்லை. வலது கை ஆட்காட்டி விரலின் நுனியில், கத்தி சறுக்கினால் விழுவதுபோலச் சாய்வாக ஒரு வெட்டு. கீபோர்டில் மூன்று எழுத்துகளின் மேல் இரத்தம் சொட்டியிருந்தது. காலையிலிருந்து அவன் கத்தியைத் தொடவில்லை. மேசையில் கூராக எதுவும் இல்லை. ஆறிப்போன பிளேன்டீ, ஒரு பழைய கணினி, அதிலிருந்து வயர் இழுத்து மாட்டிய அவனுடைய லேப்டாப், அவ்வளவுதான். விரலை வாயில் வைத்துச் சப்பினான். இரத்தத்தோடு வெங்காய வாசம் வந்தது.

பகல் இரண்டு மணி. பௌர்ணமிப் போயா விடுமுறை. ஹட்டன் டவுனை மூடுபனி மூடியிருந்ததால் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது என்பதை ஹார்ன் சத்தத்தை வைத்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. கீழே ராசிக் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் பூட்டு. அக்குறணையில் கல்யாண வீடென்று காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டார். கடையிலிருந்து மேலேறி வரும் பெயின்ட் வாசமும் துருப்பிடித்த ஆணி வாசமும் இன்றைக்கு இல்லை. பதிலுக்கு, வெட்டிப்போட்ட ஈரமண் வாசம். மழைக்காலத்தில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

சின்னத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. காசு போட்டவர் ராசிக் நானா. எழுதியவர்கள் இரண்டு பேர். வினோதாவும் தனுஷனும். எட்டு மாதத்துக்கு முன்பு டயகமப் பக்கம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் மேல் மண் சரிந்து வினோதா செத்துப்போனாள். இரண்டாம் நாள்தான் உடலை எடுத்தார்கள்.

இப்போது அந்த மென்பொருளை ஒரு கொழும்புக் கம்பெனி வாங்குகிறது. ஆறு வருடமாக அதில் செய்த 2131 திருத்தங்களும், எதை யார் மாற்றினார், எந்தத் தேதியில், என்ன குறிப்போடு என்பதெல்லாம், எஸ்.வி.என். என்ற பழைய முறையில் பழைய கணினிக்குள் கிடந்தன. அதை அப்படியே ‘கிட்’ என்ற புதிய முறைக்கு மாற்றிக் கேட்டார்கள். திருத்தங்கள் ஒவ்வொன்றாக, முதலிலிருந்து வரிசையாக, லேப்டாப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தன. அதற்கு முன் ஒரு சின்னப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும்: பழைய முறையில் இன்ன பெயரில் வேலை செய்தவர், புதியதில் இன்னார். ‘வினோ’ என்பதற்கு நேரே வினோதாவின் முழுப் பெயரை எழுத வேண்டிய இடத்தில் தனுஷன் தன் பெயரை எழுதினான்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அவனுடைய அம்மாவுக்கு அரைப்பேர் விழாத மாதமே கிடையாது. ஒருமுறை அவள் பறித்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை தனக்கு வேண்டிய இன்னொருத்தியின் பேரில் போட்டார். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால், அம்மா கத்திய கத்தல் அவனுக்கு இன்னும் கேட்கும். கேட்டும் என்ன. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு இந்த மலையில் வேறு வாசல் இல்லை. பட்டியலை ஒரே மூச்சில் எழுதி முடித்தான். செத்தவளுக்குக் கொழும்பில் வேலை எதற்கு?

போன் அடித்தது. ராசிக் நானா. பின்னால் கல்யாணச் சாப்பாட்டுச் சகன் தட்டுகளின் சத்தம்.

“எவ்வளவு போயிரிக்கி தம்பி?”

“அறுநூத்தம்பது தாண்டிருச்சு நானா.”

“நாளக்கி காலையில கொழும்பு ஆக்கள் வாராங்க. ஒராளத்தான் எடுப்பாங்க. ஆரு கூடுதலா எழுதினதோ, அவருக்குத்தான் வேல. இல்லாட்டி ஒராளயும் எடுக்க மாட்டாங்களாம்.”

“தெரியும் நானா.”

“மவுத்தாப்போன புள்ளதான் கூடுதலா எழுதின. பாவம். நீங்க ஆபிஸ்ல தூங்கினதயும் சேத்து எண்ணினா ஒங்களுக்குக் கெடைக்கும்.” சிரித்துக்கொண்டே வைத்தார்.

தனுஷன் திரையில் ஏறிப்போன வரிகளைப் பின்னால் தள்ளிப் பார்த்தான். வினோதாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு திருத்தத்தோடும் அன்றைக்குத் தான் பட்ட பாட்டையும் இரண்டு வரி எழுதிவிடுவாள். “இது என்னா வினோதா, டயரியா?” என்று அவன் கேட்டதுண்டு. “நீங்கதான் ஒன்னுமே எழுத மாட்டீங்களே அண்ணே. ரெண்டு பேருக்கும் சேத்து நானே எழுதுறேன்” என்றாள்.

614. எழுதியவர்: தனுஷன். *நிறுவை பிழை சரி. வெங்காயம் வெட்டும்போது விரல வெட்டிக்கிட்டேன். டைப் பண்ண முடியல, மிச்சம் நாளைக்கு.*

அவன் விரலைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் லைட்டைப் போட்டான்.

மூன்றரை மணிக்குக் குளிர் எடுத்தது. ஹட்டன் குளிர் அவனுக்குப் பழக்கம். இது தோலுக்கு வெளியிலிருந்து வரவில்லை. பல் கிட்டியது. கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலால் அழுத்துவதுபோல வலித்தது. நெற்றியைத் தொட்டபோது பிளேன்டீக் கோப்பையை முதலில் பிடித்தபோது இருந்த சூடு. திரையில் 1107 போய்க்கொண்டிருந்தது. *மூணு நாளா காய்ச்சல். படுத்துக்கிட்டே செய்யுறேன்.* எழுதியவர்: தனுஷன்.

ஜம்பரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் நாற்காலியில் சுருண்டான். பழைய கணினியின் விசிறி, வயதானவர் மூச்சு இழுப்பதுபோல இழுத்து இழுத்துச் சுற்றியது. 1300. 1400. எங்கிருந்தோ தகரத்தில் மழை விழுகிற சத்தம் வந்தது. இந்தக் கட்டடத்துக்கு மேலே கொங்கிரீட். தகரம் இல்லை. ஆனாலும் தகரத்தில்தான் பெய்தது. அவன் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவின் தலைக்கு மேலே பெய்கிற மாதிரி, பக்கத்தில், விடாமல்.

1482இல் காலுறைக்குள் ஏதோ ஈரமாக நகர்ந்தது.

காலுறையைக் கழற்றினான். கணுக்காலில் ஒரு அட்டை, திராட்சைப் பழம் அளவுக்குக் குடித்துப் பருத்து, கறுப்பாகத் தொங்கியது. பாதம் முழுக்கச் சேறு. விரல் இடுக்கில் மானாப்புல். *பஸ் இல்ல. டயகமயிலிருந்து குறுக்கால நடந்தேன். ஒரே அட்டை.* அதைப் பிய்த்து எறிந்தான். அது சுவரில் பட்டு விழுந்து, நிதானமாக நிமிர்ந்து, அவன் பக்கம் நீண்டது.

நிறுத்திவிடலாம். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் போதும். இதுவரை ஏறியதை அழித்து, பட்டியலில் ஒரு வரியை மாற்றி, முதலிலிருந்து ஓட விட வேண்டும். விடியற்காலைக்குள் முடிந்துவிடும். விரல்கள் அந்த விசைகளின் மேல் இருந்தன. ஆனால் வினோதாவின் பெயரில் ஆயிரத்து எண்ணூறு போய்விட்டால் அவனுக்கு மிஞ்சுவது முந்நூற்றுச் சொச்சம். அதைப் பார்த்துக் கொழும்புக்காரன் என்ன சொல்வான்? அரைப்பேர் என்பான்.

அவன் கையை எடுத்தான்.

1903. *தனுஷன் அண்ணே செஞ்ச பிழைய திருத்தினேன். நானாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. அண்ணேகிட்டயும் சொல்லல.* எழுதியவர்: தனுஷன்.

அதை மட்டும் அவன் இரண்டு தடவை படித்தான். அந்தப் பிழை எதுவென்று ஞாபகம் வரவில்லை. அப்படி எத்தனை என்றும் தெரியவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது. இருமினான். கைக்குட்டையில் மண் வந்தது. பொடியாக, சிவப்பாக.

ராசிக் நானாவுக்குப் போன் செய்தான். நெடுநேரம் அடித்தது.

“ஆரு?”

“நானா, நான் தனுஷன்.”

அந்தப் பக்கம் யாரோ பிள்ளைகளை அதட்டுவது மட்டும் தூரத்தில் கேட்டது.

“எனத்த வெளயாட்டு இது? ஆரு பேசுற?”

“தனுஷன் நானா. ஆபிஸ்லருந்து. இங்க என்னமோ—”

“அந்தப் பொடியன் மண்ணுக்குள்ள போய் எட்டு மாசம். அல்லாஹ்வப் பயந்துக்கங்க.”

“நானா, நான்தான். இன்னைக்குத்தானே பேசினோம். ரெண்டு மணிக்கி...”

அப்போது ராசிக் நானாவின் பக்கத்தில் ஒரு பெண் கேட்டாள். சாப்பாடு வாயில் இருக்கிற குரல். “யாரு நானா?”

“ஆரோ பைத்தியம், புள்ள. நீங்க சாப்புடுங்க. நாளக்கி கொழும்பு ஆக்கள் வந்தா பேசுறதுக்குத் தெம்பு வேணும்.”

போன் அடங்கியது.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு மேல் எதிர் மேசையில் கேட்ட குரல்.

திரும்பினான். 2086. விசைகளை நோக்கிக் கை போனது. விரல்களில் சேறு. வழுக்கியது. 2087. மறுபடி அழுத்தினான். இரண்டையும் சேர்த்து. ஓங்கி.

2088.

*வீட்டிலிருந்து செய்யுறேன். மழை விடல. பின்சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது. பாத்துட்டு வாறேன்.*

எழுதியவர்: தனுஷன்.

தகரத்தில் மழை நின்றது. ஹார்ன் சத்தமும் நின்றது. விசிறியும். காது இரண்டையும் பொத்தியதுபோல.

பிறகு சுவர். முதலில் ஒரு முனகல். கனமான எதையோ முதுகில் ஏற்றிக்கொண்டவன் முனகுவதுபோல. ப்ளக் பொயிண்டின் ஓட்டைகளிலிருந்து சேறு வழிந்தது. லைட் அணைந்தது. லேப்டாப் வெளிச்சம் மட்டும். அதில் ஜன்னலைப் பார்த்தான்.

மூடுபனி இல்லை. மண். கண்ணாடி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, அப்பிய செம்மண். அதில் அறுந்த தேயிலை வேர்கள். ஒரு சில்வர் தட்டு. ஒரு குழந்தைச் செருப்பு. கண்ணாடி உள்பக்கமாக வளைந்திருந்தது.

கதவைத் திறந்தான். மண்.

கத்தினான். சத்தம் வாயருகிலேயே நின்றது.

பின்னால் திரை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பத்துச் சொச்சம் மிச்சம். அவள் செத்த பிறகு அவன் ஒருவனே செய்த திருத்தங்கள். குறிப்பே எழுதாமல் செய்தவை. பட்டியலில் அவற்றுக்கு நேரே அவன் பெயர்தான் இருந்தது. அவனே எழுதினான். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2089. எழுதியவர்: வினோதா. *மழை விட்டாத்தான் தோண்டுவாங்களாம். தனுஷன் அண்ணன இன்னும் எடுக்கல.*

தலைக்கு மேலே, வெகு உயரத்தில், மண்வெட்டி விழுந்தது. ஒன்று. இன்னொன்று. ஆட்கள் பேசினார்கள். அவன் மேசைமேல் ஏறி இரண்டு கையாலும் கூரையை அடித்தான். அடித்தான். மண்வெட்டிச் சத்தம் தள்ளிப்போனது. இடது பக்கமாக. இன்னும் தள்ளி.

கண்ணாடியில் கீறல் ஒன்று கோணலாக ஓடியது.

2090. எழுதியவர்: வினோதா. *மூணாம் நாள். தோண்டுறத நிறுத்திட்டாங்க.*