சோக்கை இழுத்த கை

வண்டியைப் பார்க்க அவன் அந்தப் பழைய வீட்டுக்குப் போனது நல்ல வெயில் நேரத்தில். ஆனால் வீட்டோடு ஒட்டியிருந்த கார் ஷெட்டுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பக்கமும் சுவர், மேலே தாழ்ந்த கூரை, நடுவில் தூசி படிந்து ஒரு வெண்ணெய் நிறக் கார். உள்ளே பழைய பெட்ரோல் நெடி அடித்தது. அதற்கும் அடியில், நனைந்த குடையைக் காயவைக்காமல் மூலையில் போட்டுவைத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடையும் இருந்தது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் சாவியை நீட்டினார். ஷெட் வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

"ஓட்டம் எப்படிங்க சார்?"

"ஓடறப்ப தங்கமா ஓடும் தம்பி. ஒரு இடத்துல நிறுத்தி இன்ஜினை ஓட விட்டாத்தான் அணைஞ்சு போயிடும். எத்தனையோ பேர் பார்த்துட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மெக்கானிக் வட்டாரத்தில் அவனுக்கு 'அரைத்திருகு' என்று பெயர். எந்த வண்டி எப்படித் திணறினாலும் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் அரைச் சுற்று கொடுத்து, இன்ஜினைச் சீராக உறுமவைத்துவிடுவான் என்பதால் வந்த பெயர். அவனிடம் போய் ஐட்லிங், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது, சரியில்லை என்று சொல்வது, நீச்சல்காரனிடம் குட்டை ஆழம் என்று சொல்வது மாதிரி. பேரமே பேசாமல் வாங்கிவந்தான்.

வாங்கியதற்குக் காரணம் பாப்பா. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளி. ஸ்கூட்டரில் ஒருமுறை நனைந்தால் ஒரு வாரம் இழுப்பு. பிள்ளையை நனையாமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட நாலு சக்கரமும் ஒரு கூரையும் வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அந்த ஆசையைத்தான் வண்டி பாடாய்ப் படுத்தியது.

சாலையில் ஓடும்போது குறையே சொல்ல முடியாது. எங்காவது நிறுத்தி இன்ஜினை ஓட விட்டால், கொஞ்ச நேரம் சீராக இருக்கும். பிறகு ஒரு குலுக்கல். இரண்டு இருமல். கறுப்புப் புகை. நின்றுவிடும். பள்ளிக்கூட வாசலில் நின்றது, சிக்னலில் நின்றது, பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அவனுடைய வாடிக்கையாளர் ஒருவரே இறங்கிவந்து, "என்ன அரைத்திருகு, முழுத் திருகு குடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஜெட்களை ஊதினான். பிளக்குகளை மாற்றினான். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பாயிண்ட், டைமிங் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய பிளக்கை எடுத்துப் பார்த்தால் கரி அப்பிக் கிடந்தது. அளவுக்கு மீறிப் பெட்ரோல் போகிறது என்று அர்த்தம். எப்படிப் போகிறது என்றுதான் பிடிபடவில்லை.

காற்றுக் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஓடும் இன்ஜினைச் சுற்றி மெல்ல நகர்த்த வேண்டும். கசிவு இருக்கும் இடத்தில் சீறல் கேட்கும்.

அவனுக்குச் சீறல் கேட்கவில்லை.

கொட்டாவி கேட்டது.

நீளமான, சோர்ந்துபோன, ஒரு பெண்ணின் கொட்டாவி.

குழாயை உதறினான். சுற்றும்முற்றும் பார்த்தான். பட்டறையில் யாருமில்லை. 'தூக்கம் கெட்டால் காதும் கெட்டுவிடும்' என்று தன்னையே திட்டிக்கொண்டு வேறு குழாயை எடுத்தான். இன்ஜின் ஒரு குலுக்கல் குலுக்கி அணைந்தது. கடுப்பில் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தான்.

டேஷ்போர்டில் சோக் குமிழ் முழுதாக வெளியே இழுபட்டிருந்தது.

சோக் என்பது குளிர்ந்த இன்ஜினை எழுப்புவதற்காக இழுப்பது. சூடான வண்டியில் இழுத்தால் காற்று அடைபட்டு, பெட்ரோல் மிகுந்து, இன்ஜின் மூச்சுத்திணறி நின்றுவிடும். கறுப்புப் புகைக்கும் கரிக்கும் காரணம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது இந்தக் கட்டைவிரல் அளவு குமிழா என்று அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நேரே வீட்டுக்குள் போனான்.

"உன் கைப்பையை அந்தக் குமிழ்ல மாட்டுறியா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் பின் சீட்லதானே உட்கார்றேன். என் கை என்ன ரப்பரா?"

"அப்ப பாப்பா இழுத்திருப்பா."

"அவ வண்டியில ஏறின உடனே தூங்கிடுறா. நீங்களே பெருமையாச் சொன்னீங்களே, தொட்டில் மாதிரி இருக்குன்னு." துணியைக் கீழே வைத்தாள். "எனக்கு அந்த வண்டியில ஏறினாலே தலை வலிக்குதுங்க. அதையும் கொஞ்சம் பாருங்க."

"உனக்கு எதுலதான் வலிக்கல?"

சொல்லிவிட்டு வந்துவிட்டான். அந்த ஒரு வார்த்தையை நினைத்துப் பின்னால் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டானோ தெரியாது.

அதன் பிறகு குமிழை உள்ளே தள்ளித் தள்ளி அவன் விரல்தான் தேய்ந்தது. தள்ளுவான், சற்று வேறு பக்கம் திரும்புவான், வெளியே வந்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றான். ஓட்டுபவருக்குப் பக்கத்து முன் சீட்டுக்குக் கீழே கால் மிதியடியில் தண்ணீர் சொட்டியிருந்தது. கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறது என்றான். குடை வாடை அடித்தது. சீட்டுக்குள் பூஞ்சை என்றான். மெக்கானிக் மூளைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பழைய சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டான். அவர் எடுக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டு கொட்டும்போது, வண்டியைப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தி, அவன் முடிவு கட்டினான். சோக் வயரின் முனையைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிவிட்டான். சோக்கை இழுத்தால் இன்ஜினின் மூச்சை அடைக்கும் அந்தச் சின்ன மூடியைத் திறந்த நிலையில் வைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கினான். இனி டேஷ்போர்டில் எவன் எதை இழுத்தாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்க்ரூவில் அரைச் சுற்று கொடுத்தான்.

இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. நிற்கவே இல்லை.

மனைவியையும் பாப்பாவையும் கூப்பிட்டான். மூவரும் மாமியார் வீட்டுக்குப் போவதாக இருந்தது.

"பின்னாடி ஏறி உட்காருங்க. நான் பட்டறையைப் பூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் ஓடட்டும். அணைஞ்சா கூப்பிடு. அணையாது, பாரேன்."

"இதுக்கு நான் சாட்சியா?"

"நீதான் சாட்சி. குமிழைத் தொட்டேன்னு அப்புறம் யாரும் உன்னைச் சொல்லக் கூடாதுல்ல?"

அவள் லேசாகச் சிரித்தாள். சண்டை அதோடு முடிந்தது என்று இருவருக்குமே தெரிந்தது. சாரல் பாப்பா மேல் படாமல் இருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள்.

பட்டறையின் பின்னறையில் அவன் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பழைய சொந்தக்காரர்.

"கூப்பிட்டிருந்தீங்க போல. ஊர்ல இல்ல தம்பி. வண்டி என்ன சொல்லுது?"

"சரி பண்ணிட்டேன் சார். இப்பகூட ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கேக்குதா?" ஃபோனைச் சுவர்ப் பக்கம் நீட்டினான். மழைச் சத்தத்துக்கு நடுவே இன்ஜின் சீராக ஓடியது. பெருமையில் அவனுக்கு நேரம் போவதே தெரியவில்லை. என்னென்ன செய்தான் என்று ஜெட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். பெரியவர் உம் கொட்டினார். பிறகு அந்த உம்மும் நின்றுபோனது.

இன்ஜின் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது.

டக்.

டக். டக்.

இன்ஜினுக்குள் டேப்பட் தட்டுகிறது, அதையும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"நிக்காம ஓடுதா?" என்று பெரியவர் மெல்லக் கேட்டார்.

"நிக்கவே நிக்காது சார்."

"அவ போனப்பவும் அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்தது தம்பி."

"யாரு சார்?"

"என் வீட்டம்மா. வெளிய கிளம்பினோம். இதே மாதிரி மழை. ஷெட்டுக்குள்ள வண்டியை ஓட விட்டுட்டு, மூக்குக்கண்ணாடியை எடுக்க நான் உள்ள வந்தேன். அவ குடையும் கையுமா முன் சீட்ல உட்கார்ந்திருந்தா. அந்த நேரம் பார்த்து ஒரு ஃபோன். பேசிக்கிட்டே இருந்துட்டேன். திரும்பி வந்து பார்த்தா, தூங்கற மாதிரி இருந்தா. நெஞ்சு நின்னுடுச்சுன்னு சொன்னாங்க. முகம்கூட வாடல தம்பி. கன்னமெல்லாம் ரோஜா மாதிரி சிவந்து, நல்லாத்தான் இருந்தா. அதுக்கப்புறம்தான் வண்டி நிக்க ஆரம்பிச்சது."

சிவந்த கன்னம்.

அவனுடைய தொழிலில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மூடிய ஷெட்டில், மூடிய வண்டியில், புகை குடித்துச் செத்தவர்களின் கன்னம்.

ஏறியதும் தூங்கிவிடும் பாப்பா. தலைவலி என்ற மனைவி. இத்தனை நாளும் வண்டியின் முன்பக்கத்திலேயே முட்டிக்கொண்டிருந்தானே தவிர, பின்னால் சைலன்சர் பக்கம் அவன் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

வண்டியின் கோளாறு கார்புரேட்டரில் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் மயங்குமுன் யாரோ ஒருத்தி இன்ஜினை அணைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையைத்தான் இன்றைக்கு அவன் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

டக். டக். டக். டக்.

ஃபோன் எங்கே விழுந்ததென்று அவனுக்குத் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே கார் அழகாக உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் பனி படிந்து வெளுத்திருந்தது. கதவைப் பிடித்து இழுத்தான். சூடான, மந்தமான காற்று முகத்தில் அடித்தது. மனைவி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். பாப்பா அவள் மடியில், வாய் லேசாகத் திறந்து.

இருவர் கன்னங்களும் சிவந்திருந்தன.

பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினான். திரும்பி வந்து மனைவியைக் கையிடுக்கில் பிடித்து இழுத்தான். எந்த மழை பிள்ளைமேல் படக் கூடாது என்று வண்டி வாங்கினானோ அந்த மழையில் பாப்பாவைக் கிடத்தி, கன்னத்தில் தட்டினான், பெயர் சொல்லிக் கத்தினான். சளி பிடித்த அந்தச் சின்ன நெஞ்சு ஒருமுறை ஏறியது. இருமினாள். அழுதாள். பிள்ளை அழுவதைக் கேட்டு அவனும் வாய்விட்டு அழுதான்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். இன்ஜினை அணைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கைவிட்டபோது அவன் பார்த்தான். டேஷ்போர்டில் சோக் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. குமிழ், வயரோடு வேரோடு பிடுங்கப்பட்டு, யாரும் உட்காராத முன் சீட்டில் கிடந்தது. சீட் ஈரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். மனைவி கண் விழித்ததும் தொண்டை கமறக் கேட்டாள்: "முன்னாடி யாருங்க உட்கார்ந்திருந்தது? எதையோ இழுத்து இழுத்துப் பார்த்துட்டு, அழுதாங்களே."

வீட்டுக்கு வந்த பிறகு அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தான். சைலன்சர் குழாய் இணைப்பில், பழைய தார்ப்பூச்சுக்குள் ஒளிந்து, ஒரு விரிசல். அதற்கு நேர் மேலே பின் சீட்டுக்குக் கீழே தகடு துருவேறிச் சல்லடையாகியிருந்தது. குழாயைப் புதிதாகப் போட்டான். தகட்டை வெட்டியெடுத்து வேறு தகடு பற்றவைத்தான். மூடியைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தான். புது வயர் வாங்கிச் சோக்கை மறுபடி மாட்டினான்.

நல்ல வெயிலில், வெட்டவெளியில் நிறுத்தி இன்ஜினை ஓட விட்டான். சொல்லிவைத்தாற்போல் ஓடியது. வாடை இல்லை. புகை இல்லை. அவன் சுற்றி நடந்துபோய் முன் சீட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"சரி பண்ணிட்டேம்மா," என்றான். "இனி பயமில்ல. நீங்க இறங்கிக்கலாம்."

கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து பிடித்தான்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கதவு அவன் கையிலிருந்து மெல்ல நழுவியது. காற்றே இல்லை. மெதுவாக, உறுதியாக, உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால், புதுச் சோக் குமிழ் வெளியே வர ஆரம்பித்தது. ஒரு குலுக்கல். இரண்டு இருமல். இன்ஜின் நின்றது.

ஸ்க்ரூடிரைவர் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"என்னங்க, சரியாயிடுச்சா?" என்று வாசலிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆயிடுச்சு," என்றான் அரைத்திருகு.

அடிக்கிற வெயிலில், கதவிடுக்கிலிருந்து மழைத்தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.