மீதமிருந்த பன்னிரண்டு ஸ்கேன்

காண்ட்ராக்டருக்கு என்னோடு வேலை பார்த்த உச்சிமாகாளி தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஏறி அவன் செத்ததும் கடன் என் தலையில் விழுந்தது. ஜாமீன் கையெழுத்து, கொம்பையா என்று, நான் போட்டது.

காண்ட்ராக்டர் வசந்தகுமார் மணிமங்கலத்துக்காரர். கடன் தீர வழியும் அவரே சொன்னார். எங்கள் கம்பெனியில் ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் பாகம் பாகமாகப் பூட்டுகிறார்கள். ஒன்றில் ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லும். இன்னொன்றில் படுத்தால் அதையும் சொல்லி, எலும்பு எவ்வளவு கெட்டி என்றும் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரே ஆளை முப்பது தடவை அளக்க வேண்டும். அந்த ஆள் உச்சிமாகாளி. பதினெட்டோடு போய்விட்டான்.

"மீதி பன்னண்டுக்கு நீ பட்த்துக்கோ, தெனம் ஒண்ணு. கடனை அட்ச்சுடறேன்," என்றார் வசந்தகுமார்.

பேரை மாற்றினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் என்னை அவன் பேரிலேயே ஏற்றினார். இன்ஜினியர் ஐஸ்வர்யா போன வாரம்தான் வேலைக்கு வந்த பெண். உச்சிமாகாளியைப் பார்த்ததில்லை. அவளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

ஈயத் தகடு அடித்த அறை. ஜன்னல் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கும் உள்ளே பொழுது தெரியாது.

முதல் நாள் ரெக்சின் படுக்கையில் முதுகை வைத்தேன். சூடாக இருந்தது.

அன்றைக்கு எனக்கு முன்னால் யாரும் படுக்கவில்லை.

நிற்கிற மெஷின் கொழுப்பு பதினாலு கிலோ என்றது. படுக்கிற மெஷின் ஆறு என்றது. ஐஸ்வர்யா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா, இடது இடுப்புல அடிபட்டிருக்கா? உடைஞ்ச மாதிரி தெரியுதே."

எனக்கு எங்கேயும் அடிபட்டதில்லை. லாரி ஏறியது உச்சிமாகாளியின் இடது இடுப்பில்.

எந்த மெஷின் சொல்வது சரி என்று கேட்டேன். நிற்கிறது ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலே மாற்றிச் சொல்லும், படுக்கிறதைத்தான் நம்ப வேண்டும் என்றாள். அதற்கு ஏற்றாற்போல் நிற்கிற மெஷினைத் திருத்தி, ஆறு காட்ட வைத்தாள்.

மறுநாள் என் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

ஐந்தாவது ஸ்கேனில் இடது கால் இழுத்தது. சுங்குவார்சத்திரம் ரூமில் கூட இருந்தவர்கள், நொண்டி நடிக்கிறாயே, சினிமாவில் சேரப் போகிறாயா என்று கிண்டலடித்தார்கள். ஏழாம் நாள் கிண்டல் நின்றது. சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

வசந்தகுமார் காலில் விழுந்து, விட்டுவிடுங்கள் என்று அழுதேன். சரி, சம்பளத்தில் மாதம் மூவாயிரம் பிடித்துக்கொள்கிறேன் என்றார். நான் ஊருக்கு அனுப்புவதே நாலாயிரம்.

திரும்பப் போய்ப் படுத்தேன்.

பத்தாவது ஸ்கேன். தலைமாட்டிலிருந்து மெஷினின் கை மெல்ல நகர்ந்து வந்தது. கண்ணை மூடினேன்.

இடது பக்கம் மூச்சு.

டீசல் வாடை. அதற்கடியில் ரத்த வாடை.

காதோரமாக, ரொம்ப மரியாதையாக ஒரு குரல்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிப் படும்."

படுக்கை ஒரு ஆள் அகலம்தான்.

தள்ளிப் படுத்தேன்.

பன்னிரண்டாவது முடிந்ததும் ஐஸ்வர்யா சந்தோஷமாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு மெஷினிலும் ஒரே எண். பழைய பதினெட்டோடும் அச்சாகப் பொருந்தியிருந்தது.

ஆபீஸில் வசந்தகுமார் நோட்டை விரித்து வைத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"வா, உச்சிமாகாளி. உனக்கு ஜாமீன் போட்டானே கொம்பையா, அவன் எங்க? பன்னண்டு நாளா ஆளையே காணோமே."

நான்தான் கொம்பையா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஊருக்குப் போயிட்டாம், அண்ணாச்சி," என்றது என் வாய். "இனி வர மாட்டாம்."

வசந்தகுமார் தலையை ஆட்டிவிட்டு, முப்பத்தெட்டாயிரத்து நானூறின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார்.