செருகியது ஒன்றுதான்

பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டிருந்தும், மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டிக்குள் ஏதோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவர் மூச்சு விடுவதைப் போன்ற சத்தம். பெட்டியில் கை பட்டதும் நின்றது.

"ஊமச்சி! ஆச்சா இல்லையா?" கூடத்திலிருந்து அண்ணன்.

"இன்னும் கொஞ்சம்ணா."

"இதையேதான் எப்பவும் சொல்றே. செத்தவன் பொட்டியக் கட்டிக்கிட்டு அழவா உன்ன இங்க கொண்டாந்து வச்சிருக்கேன்? இருட்டுறதுக்குள்ள ஓடலன்னா பழைய சாமான்காரன் வண்டியில ஏத்திருவேன்."

"இவளையும் சேத்தே ஏத்துங்க, எடை கூடும்" என்று சமையலறையிலிருந்து அண்ணி சிரித்தாள்.

இறந்துபோன அவள் கணவன், மகளைத் தூங்க வைக்கப் பேசிப் பதிந்த குரல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்காமல் குட்டிக்குத் தூக்கம் வராது. பக்கத்து அறையில் குட்டி காய்ச்சலோடு படுத்து, அப்பாவின் பேச்சைத் தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எழாமல் கிடந்த கணினிக்கு ரிப்பேர் கடைக்காரர் வழி சொல்லியிருந்தார். வேறொரு கணினியில் பூட் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து இதில் செருகினால், அதைப் பிடித்துக்கொண்டு இது எழுந்துவிடும். "ஒண்ணு மட்டும் கவனம்மா. தயார் பண்றப்ப எதுல எழுதணும்னு கேக்கும். அதுல இருக்கிறத எல்லாம் துடைச்சிட்டுத்தான் எழுதும். சந்தேகம் வந்தா பென்டிரைவப் புடுங்கிப் பாருங்க. பட்டியல்ல எது காணாமப் போகுதோ, அதான் உங்களுது."

பென்டிரைவை அண்ணனின் லேப்டாப்பில் செருகினாள். பட்டியலில் இரண்டு வந்தன. இரண்டுக்கும் பெயரில்லை. அவள் செருகியது ஒன்றுதான்.

பிடுங்கிப் பார்க்கக் கை நீண்டது.

"ஏய்!" கதவில் ஓங்கி ஒரு குத்து.

பதறிப்போய் மேலே இருந்ததை அமுக்கினாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அதையும் அமுக்கினாள்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பென்டிரைவின் விளக்கு மட்டும் மினுங்கவே இல்லை.

முதலில் போனது வெங்காயம் வதங்கும் வாசனை. அடுப்பை அணைத்தால் அது மெல்லத்தான் கலையும். இதுவோ, மூக்கை யாரோ பொத்தியதுபோல் சட்டென்று நின்றது. பிறகு, இத்தனை நேரமும் காதில் ஓடிக்கொண்டிருந்ததே தெரியாத பிரிட்ஜின் உறுமல், குழாய்ச் சொட்டு, ஜன்னல் கண்ணாடியில் மழை என்று ஒவ்வொன்றாக அடங்கின. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

"உனக்கு எத்தன தடவ சொல்..."

அண்ணன் குரல் பாதியில் அறுந்தது. காத்திருந்தாள். திட்டு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் திட்டு வேண்டுமென்றிருந்தது.

"அண்ணா?"

கூடத்துக் கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை.

குட்டியின் முணுமுணுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

பென்டிரைவைப் பிடுங்கினாள். பட்டியலில் கீழே இருந்தது மறைந்தது. மேலே இருந்தது அப்படியே நின்றது.

கோடு நகர்ந்தது.

லேப்டாப்பை அறைந்து மூடினாள். முணுமுணுப்பு நின்றது.

பின்னால், பிளக் இல்லாத கணினி 'பீப்' என்றது. திரை வெளுத்தது. ஸ்பீக்கரில் கணவனின் குரல்.

"குட்டி, தூங்கிட்டியா?"

அதே பதிவு. இதன் பிறகு கதை தொடங்கும். அவளுக்கு மனப்பாடம்.

"இல்லப்பா" என்றது ஸ்பீக்கர். மகளின் குரலில்.

ஓடிப்போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். கட்டில் இல்லை. ஜன்னல் இல்லை. மூலைகள்கூட இல்லை. ஒரே வெளுப்பு.

"அம்மா எங்க?" கணவனின் குரல் கேட்டது.

"வெளிய நிக்கிறாங்கப்பா."

"அவள மட்டும் ஏன் விட்டுட்டு வந்தே? கூப்பிடு."

ஓட நினைத்தாள். கால் அசையவில்லை. குனிந்து பார்த்தாள்.

கணுக்கால் வரை வெளுப்பு ஏறியிருந்தது. அதற்குக் கீழே பாதங்கள் இல்லை.

"அம்மா" என்றது ஸ்பீக்கர், ஆசையாக.

முழங்கால்.