மகாராணியின் கையுறை

“காத்து வர்ற வாயில அட்டையத் திணிச்ச புண்ணியவான் யாருங்க?”

ஏணி மேலிருந்து கேட்டான் ஏசி மெக்கானிக். வெளியே மழை... கீழே அமர்ந்திருந்த கணக்காளப் பெண், கம்பளிக் கையுறை அணிந்த விரல்களை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

“நான்தான்...”

“மூச்ச அடைச்சா மெஷின் என்ன பண்ணும் மேடம்? உள்ள பூரா ஐஸ்! கையுறை வேற... கிரீடம் ஒண்ணுதான் குறைச்சல், மகாராணி!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கண்களும் உடன் சிரித்தன... அவற்றை அவள் பார்த்திருக்க வேண்டாம்.

பனியைச் சுரண்டி அகற்றிவிட்டு இறங்கியவன், “சரி, சமாதானம்” என்று கை நீட்டினான். என்ன துணிச்சலோ, கையுறையைக் கழற்றி அவளும் நீட்டினாள். மறுகணம் அலறியபடி கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் முகம் சுண்டிப் போயிற்று. “அழுக்குக் கைதான் மேடம்... மறந்துட்டேன்.”

பனியில் நனைந்த அந்தக் கை அவளுக்கு நெருப்பாய்ச் சுட்டது என்பதை அவள் சொல்லவில்லை. தோலையும் இரத்தக் குழாய்களையும் சேர்த்து இறுக்கும் அபூர்வ நோய். குளிர் பட்டால் விரல்கள் வெளுக்கும், நீலம் பாரிக்கும், நுனி புண்ணாகும். மாத்திரை, களிம்பு, இருவேளையும் புண்ணுக்குக் கட்டு... முன்பு தன்னை மணக்கவிருந்த ஒருவனிடம் சொல்லியிருந்தாள். அவன் அம்மா வந்து, “எம்புள்ளைக்கு நர்ஸ் வேலை தெரியாதும்மா” என்று இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனார். இவனுடைய இரக்கத்தைவிடக் கோபமே மேல் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் போன பிறகுதான் கவனித்தாள். அத்தனை கோபத்திலும், குளிர்காற்று அவள் பக்கம் வராதபடி ஏசி வாயிலிருந்த தகட்டைத் திருப்பிவிட்டுப் போயிருந்தான்.

அடுத்த வாரம் மெஷினில் மீண்டும் பனி. மீண்டும் அவன். மீண்டும் அதே அட்டை!

“அதான் தகட்டத் திருப்பி வச்சேனே! இன்னும் என்ன மேடம் குளிரு?”

அவள் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். ஆட்காட்டி விரலின் நுனி கருத்துப்போயிருந்தது.

“அன்னைக்கு உங்க கை அழுக்குன்னு இழுக்கல... ஐஸா இருந்துச்சு. இந்த விரல எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்தது எதுன்னு அவருக்கே தெரியாது.”

“அப்போ அட்டை...?”

“போன தடவ குளிருக்காக அடைச்சேன்.” தலை குனிந்தாள். “இந்தத் தடவ... நீங்க வரணும்னு.”

அவன் மேசையிலிருந்த சூடான தேநீர்க் குவளையை இரு கைகளாலும் வெகுநேரம் பற்றியிருந்தான். பிறகு கை நீட்டினான்.

“இப்ப சுடுது... குடுங்க மகாராணி.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, அந்தக் கையை அவன் கையில் வைத்தாள்.

“கழட்டக் கூடாதா?”

“வேண்டாம்... இனி எல்லா நாளும் இப்படித்தான். முடியுமா உங்களால?”

அவன் கண்கள் இப்போது சிரிக்கவில்லை. கையை மட்டும் விடவில்லை.