பின் சக்கரத்துக்கு ஒரு ஸ்டாண்டு

எங்கள் மோட்டார் பைக்கின் செயினுக்கு எண்ணெய் போடுவதென்றால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

வண்டிக்கு சைடு ஸ்டாண்டு மட்டும்தான் உண்டு. பின் சக்கரம் எப்போதும் தரையில்தான் இருக்கும். சக்கரம் சுற்றினால்தானே செயின் முழுவதும் எண்ணெய் போட முடியும்? அதனால் அம்மா வண்டியை நாலடி தள்ளுவார். நான் எண்ணெய் டப்பாவோடு குனிவேன். மறுபடி நாலடி. மறுபடி குனிவேன். இப்படியே தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவோம்.

இந்த வாரம் பேச்சு சுவாரசியத்தில் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிட்டது. செயினில் ஒரே இடத்துக்கு மூன்று தடவை விருந்து, மீதி இடமெல்லாம் பட்டினி. மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பியபோது வண்டி கரகரவென்று ஊரைக் கூட்டியது.

“ஒரு ஸ்டாண்டு வாங்கிடலாம். மாசாமாசம் இப்படி ஊர்வலம் போக என்னால முடியாது” என்றார் அம்மா.

வண்டி அப்பாவுடையது. அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறார். அவர் வீட்டில் இருந்தபோது ஊர்வலமெல்லாம் கிடையாது. ஒரு கையால் வண்டியை சைடு ஸ்டாண்டு மேலேயே சாய்த்து, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார். மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவார். நான் எண்ணெய் விடுவேன். முடிந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி!” என்று நிமிர்வார்.

கப்பலுக்குப் போவதற்கு முன்னால், உதிரிபாகக் கடையில் ஒரு கறுப்பு ஸ்டாண்டை எனக்குக் காட்டினார். வண்டிக்குப் பின்னால் கொடுத்து அழுத்தினால் பின் சக்கரம் மேலே எழும்பிவிடும். “நான் வந்ததும் இதை வாங்கிடலாம், வாலு” என்றார். வாலு என்பது நான்தான். காரணம் கேட்காதீர்கள்.

அப்பா இந்த மாதம் வந்திருக்க வேண்டும். ஆனால் போன வாரம் போன் வந்தது. அவருக்குப் பதிலாக வர வேண்டிய ஆள் கிடைக்கவில்லையாம். இன்னும் ஆறு மாதம் ஆகுமாம். “சரிப்பா” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் அம்மா ஸ்டாண்டு என்றதும், “அந்தக் கறுப்பு ஸ்டாண்டுதான் வேணும்!” என்று குதித்தேன். அது வீட்டுக்கு வந்துவிட்டால் அப்பாவும் சீக்கிரம் வந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அசட்டுக் கணக்குதான். ஆனால் அதை விட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியிலேயே கடைக்குப் போனோம். கறுப்பு ஸ்டாண்டு அதே இடத்தில் இருந்தது. நான் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

“இதை வச்சு வீட்ல யாரு வேலை செய்வாங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

“எங்க அப்பா” என்றேன்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். “அவர் கப்பல்ல இருக்கார். இப்போதைக்கு நான்தான்” என்றார்.

“அப்போ நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க. செருப்பையே கால்ல போட்டுப் பாத்துதானே வாங்கறோம்?”

கடை வாசலில் வண்டியை நிறுத்தினோம். ஒரு கையால் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் ஸ்டாண்டைப் பின்னால் கொடுத்து, கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். அம்மா அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே சாய்த்து மறுபடி அழுத்தினார். சக்கரம் எழும்பியது. “ஐ!” என்று கத்தினேன்.

அதற்குள் வண்டி மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். இல்லையென்றால் வண்டி அம்மாவின் காலில்தான் விழுந்திருக்கும்.

அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பழகினா வந்துடும். நீ ஆசைப்பட்டதாச்சே, இதையே வாங்கிக்கலாம்” என்று சொல்லி, கையை ஊதிக்கொண்டார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஆறு மாதம் இந்தக் கைதான் அழுத்த வேண்டும். நான் பள்ளியில் இருக்கும்போது வண்டி சாய்ந்தால் யார் பாய்ந்து பிடிப்பார்கள்?

“மாமா, வண்டியைத் தூக்காமலே சக்கரத்தைச் சுத்தற மாதிரி எதுவும் இல்லையா?”

கடைக்காரர் யோசித்தார். உள்ளே போய் ஒரு தட்டையான இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு உருளைகள் இருந்தன. பார்க்க எலிப்பொறி மாதிரி இருந்தது.

“வண்டி சைடு ஸ்டாண்டுலயே நிக்கட்டும். பின் சக்கரத்தை இது மேல உருட்டி ஏத்திடுங்க. முன் பிரேக்கை இழுத்து ஒரு பட்டையால கட்டிடுங்க. எஞ்சின் அணைஞ்சே இருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். கையால சுத்தினா போதும், சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். அந்தக் கறுப்பு மாதிரி ஜோரா இருக்காது, அவ்வளவுதான்.”

அம்மா வண்டியை உருட்டினார். சக்கரம் இரண்டு உருளைகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. நான் கையால் தள்ளினேன். செயின் முழுவதும் என் கண் முன்னால் ஓடியது.

“அம்மா, இதையே எடுத்துக்கலாம்.”

“உனக்கு அந்தக் கறுப்பு...”

“அது அப்பா கைக்குத்தான் சரியா இருக்கும். அப்பா இங்க இல்லையே.”

ஒரு வாரமாக அதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். கடைக்காரர் எங்களைப் பார்க்காத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். மேசையில் தேடினார், இழுப்பறையில் தேடினார்.

“நெத்தியில இருக்கு” என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மூவருமே சிரித்துவிட்டோம்.

சாயங்காலம் அப்பாவின் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வந்திருந்தது. போன் அடித்தது.

“அப்பா, கறுப்பு ஸ்டாண்டு வாங்கல” என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“கோபமாப்பா?”

“கோபமா? வண்டி அம்மா மேல சாஞ்சுடுமோன்னு இங்க உக்காந்து தினம் பயந்துட்டிருந்தேன், வாலு.” அப்பா மூக்கை உறிஞ்சினார். “இப்போ வண்டி அது மேல நிக்குதா?”

“நிக்குது.”

“போனைச் சக்கரத்துக்கிட்ட கொண்டுபோ. நல்லா சுத்து.”

அம்மா போனைப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றினேன். சர்ர்ரென்று மெதுவாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

“நம்ம வண்டி!” என்றார் அப்பா. அவர் குரல் வாசலில் நிற்பவருடையது போல அவ்வளவு பக்கத்தில் கேட்டது. “இன்னொரு தடவை!”

சிக்னல் போகும்வரைக்கும் நானும் அம்மாவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருந்தோம்.